சுந்தராம்பாள் மதினி எள்ளுப்பொடி

"உன் கூட வேலை பாக்குற பிள்ளை எள்ளுப்பொடி வீடியோ போட்டிருக்கே, பாத்தியா?" என்று மதினி போனில் கேட்டாள். "தன் சொந்தப் பக்குவம்னு சொல்லுதா."

சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில், ஷிப்ட் முடிந்து வந்து யூனிபார்மைக்கூட மாற்றாமல் நின்றிருந்தாள் உச்சிமாகாளி. கயத்தாறிலிருந்து பேசிய சுந்தராம்பாள் மதினியின் குரலில் கோபம் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். "சரி, வச்சிருதேன்" என்று மட்டும் சொன்னாள்.

மதினி, அண்ணனின் மனைவி. உச்சிமாகாளி இங்கே வந்த புதிதில் ஹாஸ்டல் சோறு இறங்காமல் மெலிந்தபோது, போனிலேயே எள்ளுப்பொடிக்கு வறுக்கும் பதம் சொல்லிக்கொடுத்தவள். தொழிற்சாலை லைனில் பக்கத்தில் நிற்கும் தேவிப்பிரியா அந்தப் பொடியைத் தின்றுவிட்டுச் செய்முறை கேட்டாள். அவள் சமையல் வீடியோ போடுகிறவள். உச்சிமாகாளி குரல் பதிவாக அனுப்பி, கடைசியில், "இது எங்க மதினி பக்குவம். வீடியோ போட்டா அவங்க பேரைச் சொல்லிரு" என்றாள். தேவி கட்டைவிரல் படம் அனுப்பினாள். அதை நம்பி உச்சிமாகாளி மதினியிடமும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மதினி தன் பெயருக்காகத்தான் ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உச்சிமாகாளி வீடியோவைத் திறந்தாள். "ஒரு கை வத்தல்" என்று சிரித்தபடி தேவி வாணலியில் சுண்டைக்காய் வத்தலைக் கொட்டினாள். உச்சிமாகாளியின் ஊரில் வத்தல் என்றால் காய்ந்த மிளகாய்.

மறுநாள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் தேவியே ஆரம்பித்தாள்.

"இன்னாடி பொடி அது? கசக்குதுன்னு கமென்ட்ல கழுவி ஊத்துறாங்க. காரமே இல்லியேன்னு நானே மிளகு வேற போட்டேன். எதுனா சொல்லாம வுட்டுட்டியா?"

"மதினி பேரு எங்க?"

"கீழ 'நன்றி: தோழி'ன்னு போட்டுக்கீறேனே."

"தோழிக்குப் பேரு கிடையாதா?"

"உச்சிமாகாளின்னு போட்டா கோயில் வீடியோன்னு கும்பிட்டுட்டுத் தள்ளிடுவாங்கடி!"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் சிரித்துவிட்டார். உச்சிமாகாளி சிரிக்கவில்லை.

"எள்ளு வறுத்து அரைக்கிறதுக்கு உங்க மதினி இன்னா பட்டாவா வாங்கி வச்சிக்கீறாங்க?" என்றாள் தேவி.

"எள்ளு எல்லார் வீட்லயும் இருக்கு. கருப்பட்டியைக் கடைசில போட்டு ஒரே சுத்து சுத்தி நிப்பாட்டுன்னு சொன்னது அவங்க. உனக்குச் சொன்னது நான். உங்கிட்ட இருந்து ஆரம்பிச்சதுன்னு சொல்லுதியே, அதான் பொய்."

தேவியின் முகம் மாறியது. "சரி, கீழ பேரை எழுதிடறேன். எதுனால கசக்குது, அதச் சொல்லு."

"எழுத வேண்டாம். மதினிக்கு வாசிக்கத் தெரியாது. காதால கேக்கணும். நீ வாயால சொல்லு, அப்புறம் நான் சொல்லுதேன்."

அதற்குமேல் உச்சிமாகாளி பேசவில்லை. தேவி கெஞ்சினாள், திட்டினாள். தேவி போகவேண்டிய வல்லம் வடகால் ஷேர் ஆட்டோ வந்தது, அவள் ஏறவில்லை. டீயில் ஆடை படிந்தது. தன் பெயர் மட்டும் என்றால் உச்சிமாகாளி விட்டிருப்பாள். லைனில் எல்லோரும் 'உச்சி' என்று பாதியாக நறுக்கிக் கூப்பிடுவதையே கண்டுகொள்ளாமல் விட்டவள்தான். இது மதினியின் பெயர். அதை விட்டுக்கொடுக்க இவள் யார்?

"அழுத்தக்காரி," என்று தேவி எழுந்தாள். "ஞாயித்துக்கெழமை உன் ரூமுக்கு வர்றேன்."

வந்தாள். ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அதைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த எள்ளுப்பொடி என் சொந்தம் இல்லீங்க. கயத்தாறு சுந்தரம்மா அக்கா..."

"சுந்தராம்பாள்."

"இருடி... சுந்தராம்பாள் அக்கா செய்யறது. அவங்க சொல்லி, உச்சிமாகாளி எனக்குச் சொன்னா." கொஞ்சம் நிறுத்தினாள். "போன வாட்டி நான் சொல்லாம வுட்டது தப்பு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி உச்சிமாகாளி கேட்டிருக்கவில்லை. அவள் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து, ஒரு கை சிவப்பு மிளகாயை அள்ளித் தட்டில் வைத்தாள்.

"இதான் வத்தல்."

"அடிப்பாவி! இது காஞ்ச மொளகா!"

"எங்க ஊர்ல வத்தல்."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னா?"

"மொதல்ல பேரு."

தேவி சிரித்தாள். போனில் பதிவை நிறுத்தவில்லை. "இதையும் வெட்டாம அப்டியே போடப்போறேன்" என்றாள்.

வீடியோ வந்த அன்று சாயங்காலம் உச்சிமாகாளி கயத்தாறுக்கு அழைத்தாள். மதினி போனை எடுத்தாள். பின்னால், அண்ணனின் போனாக இருக்கவேண்டும், தேவியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. "சுந்தராம்பாள்" என்ற இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓடி, அதே இடத்தில் நின்றது.

உச்சிமாகாளி கேட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், கட்டிலில் மெல்ல உட்கார்ந்தாள்.