இறாலுக்குப் போட்ட ஏசி

பியுன் என்கிறவள் வீட்டில் ஏசி ஒன்றே ஒன்றுதான். அதுவும் இறாலுக்கு.

காவ்சியுங் நகரத்தில் ஐந்தாம் மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்கு ஜூன் மாதம் வந்தால் தனியாக ஒரு நரகம் வேண்டியதில்லை. அவள் ஹாலில் பாய் விரித்துப் படுப்பாள். மின்விசிறி அனலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளறையில் மட்டும் கதவை இறுகச் சாத்தி இரவும் பகலும் குளிர் ஓடும். அங்கே மூன்றடுக்கு இரும்புத் தட்டுகளில் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, அரை விரல் நீளம்கூட இல்லாத இறால்கள். தண்ணீர் கொஞ்சம் சூடேறினாலும் கவிழ்ந்துவிடுகிற ஜாதி.

தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவள் கணவன் சோங்ரெனுக்கு அதுவே உலகம். பட்டை கோணியதை ஒதுக்குவான், வெள்ளை அழுத்தமாக உள்ளதை ஜோடி சேர்ப்பான், எது முட்டை சுமக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பான். மனைவிக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரைப் பெட்டி எங்கே என்று அவளிடமே கேட்கிற மனிதன், இறாலுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இறால்கள் மேல் பியுனுக்குக் கோபமில்லை. அதுகள் கேட்டா அவன் ஏசி போட்டான்? தரை துடைக்கிற சாக்கில் அவளும் உள்ளே போய் நிற்பாள். இரண்டு குளிர் மூச்சு இழுத்துவிட்டு, அதுகள் பாசியைக் கிள்ளித் தின்பதைப் பார்ப்பாள்.

அந்த ஜூனில் அவள் அம்மா விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். கிராமத்தில் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி வியட்நாமில் செருப்புத் தொழிற்சாலையில். மகள் வீட்டைத் தவிர வேறு போக்கில்லை.

"அம்மாவ உள்ரூம்ல படுக்க வெக்கலாம். ஓரமா ஒரு கட்டில் போட்டாப் போதும்" என்றாள் பியுன்.

"உள்ரூம்லயா?" சோங்ரென் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். "நவம்பர்ல இறால் போட்டி இருக்கு. போர்வைத் தூசி, உங்கம்மா பூசுற பச்சைத் தைலம்... ஒரு சொட்டு தண்ணியில பட்டா அவ்ளோதான், தொட்டியே காலி."

"எண்பது வயசுக் கெழவி. ஹால்ல வெந்துடுவா."

"நாம வேகலையா? போட்டி முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

நவம்பரில் வெளிக்காற்றே குளிர்ந்துவிடும். அப்புறம் எவளுக்கு வேண்டும் ஏசி! ஆனாலும் பியுன் வாயை மூடிக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷமாக மூடிப் பழகிய வாய்.

அம்மா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நான் இறாலாப் பொறந்திருக்கணும்டி" என்பாள். "பொறந்திருந்தா பட்டை சரியில்லன்னு ஒன்ன ஒதுக்கியிருப்பாரு" என்று பியுன் சொல்ல, இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்தாலும் வேர்க்கும்.

ஒருநாள் சோங்ரென் தாய்ச்சுங் ஊரில் இருக்கும் இறால் கூட்டாளியைப் பார்க்கப் போனான். அவன் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் பியுன் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அம்மா முகத்தில் குளிர் பட்டது. கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். கோயில் குளத்தில் இறங்கியவள் மாதிரி இருந்தது அந்த முகம்.

"ஏண்டி, இதுக நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கே. அப்படியே உன் தம்பி பொண்டாட்டி."

"மெதுவா பேசும்மா. அவளுக்குக் காது வியட்நாம் வரைக்கும் நீளம்."

"இங்க பாரு, புள்ளத்தாச்சி ஒருத்தி!" அம்மா மேல்தட்டுத் தொட்டியின் கண்ணாடியில் விரலை வைத்தாள். போட்டிக்கென்று சோங்ரென் பொறுக்கியெடுத்து வைத்திருந்த தொட்டி அது. ஒரு தாய் இறால் வயிற்றுக்கடியில் கொத்தாக முட்டைகளை வைத்துக்கொண்டு, குட்டிக் கால்களால் விடாமல் விசிறிக்கொண்டிருந்தது. "முட்டைக்கும் காத்து வேணும்ல. கை ஓயாம விசிறுறா பாரு, பாவி மக."

பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். வந்த நாளிலிருந்து வேர்க்காமல் அவள் தூங்கிய ஒரே தூக்கம் அதுதான். எழுப்ப பியுனுக்கு மனம் வரவில்லை. சோங்ரென் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டான். வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்தான். தைல வாசனை.

நேரே உள்ளறைக்குப் போய்த் தொட்டி மூடிகளைச் சரிபார்த்தான். இராத்திரி அம்மாவுக்குக் கஞ்சி வைக்கும்போது சர்க்கரைவள்ளிக் கீரைக் கட்டு இளைத்திருந்தது. சந்தைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று அவளைத் திட்டிக்கொண்டே பியுன் கீரையை வதக்கினாள்.

காலையில் மேல்தட்டுத் தொட்டியில் இறால்கள் சாய்ந்து கிடந்தன. சில மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தன. மதியத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது, அந்தப் பிள்ளைத்தாய்ச்சி உட்பட. சோங்ரென் அவற்றை வெள்ளைத் தாளில் வரிசையாக எடுத்து வைத்தான். பிறகு ஹாலுக்கு வந்து அம்மா முன்னால் நின்றான்.

"அம்மா, தொட்டிக்குள்ள கைய விட்டீங்களா?"

அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கண்ணாடியத்தான் தொட்டேன், சோங்ரென். மூடி மேல கை வெச்சேனோ என்னமோ... தூங்கிட்டேனா, தெரியலையே."

"தைலம் பூசுன கை" என்றான் அவன். கத்தியிருந்தால் பதிலுக்கு பியுனும் கத்தியிருப்பாள். அவன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அப்போது பியுன் தன் வாயாலேயே கேட்டாள்: "ஏம்மா தொட்ட?" அந்த இரண்டு சொல்லுக்காக அவள் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

அம்மா அதற்கு மேல் அங்கே தங்கவில்லை. "உயிரக் கொன்ன வீட்டுல எனக்கு எப்படிடி சோறு எறங்கும்?" என்று அழுது, கிராமத்துப் பக்கத்து வீட்டுக்காரனை வண்டியோடு வரச் சொல்லி, கைத்தடியைப் பிடித்துக்கொண்டு தன் தகர வீட்டுக்கே போய்விட்டாள். அடுத்த வாரம் மருமகன் பேருக்கு ஒரு பெட்டி மாம்பழம் வந்தது. தப்பு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று கொண்டு வந்தவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். சோங்ரென் அந்தப் பழங்களை நறுக்கி, குளிரவைத்து, கடைசிப் பழம் வரைக்கும் தின்றான். போனில் பேசும்போதெல்லாம் அம்மா ஒரே கேள்வி கேட்டாள்: "குஞ்சு ஏதாச்சும் பொழச்சிச்சாடி?"

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவள் செத்துப்போனாள். பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கும்போது மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்ததாம். வெயில்தான் காரணம் என்று டாக்டர் எழுதினார். சாவு வீட்டில் சோங்ரென் முறைப்படி எல்லாம் செய்தான், மண்டியிட்டான், கும்பிட்டான். ஒரு குறை சொல்ல முடியாது.

நவம்பரில் போட்டி நடந்தது. பெட்டிகளையும் தண்ணீர்க் கேன்களையும் சுமக்க ஆள் வேண்டுமே, பியுனும் போனாள். அடுத்த தொட்டியிலிருந்து எடுத்த இறால்களுக்கே அவனுக்கு முதல் பரிசுக் கோப்பை கிடைத்தது. மத்தியானம் எல்லோரும் வட்ட மேஜையில் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். சோங்ரென் முகம் சாராயத்தில் சிவந்திருந்தது. எதிரே, இறால் வளர்க்கிற பல் டாக்டரம்மா ஒருத்தி கேட்டாள்:

"அண்ணே, வசந்தத்துல படம் அனுப்பினீங்களே, அந்த மேல்தட்டுத் தொட்டி! அதுக இதவிட அழகாச்சே. ஏன் கொண்டு வரல?"

"அத ஏம்மா கேக்குற!" சோங்ரென் கையை உதறினான். "என் முட்டாள்தனத்தால போச்சு. எல்லாரும் கேட்டுக்குங்க, கடைக் கீரைய மட்டும் போட்றாதீங்க. எப்பவும் மொட்டமாடியில நானே வளக்குற சர்க்கரைவள்ளி இலைதான் போடுவேன். ஜூன் புயல்ல செடியெல்லாம் போயிடுச்சு. சமைக்க வாங்கி வெச்ச கட்டுலேருந்து நாலு இலைய வேகவெச்சுப் போட்டேன். விடிஞ்சா பொணம். பூச்சிமருந்து! அந்த ஒரு தொட்டிக்குத்தான் போட்டேன், அது மட்டும்தான் செத்துது. பக்கத்துத் தொட்டியில ஒண்ணுகூட சாகல."

"அது எப்பத் தெரியும்?"

"அதுவா? செத்ததப் பாத்த ஒடனேயே தெரிஞ்சு..." அவன் பாதியில் நிறுத்தினான். கேட்டது டாக்டரம்மா இல்லை.

பியுன் எழுந்தாள். குடிக்காத சூப்பை மேஜையிலேயே விட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு அந்தக் கீரைக் கட்டும், அம்மா திருப்பிப் பார்த்த உள்ளங்கையும் மாறி மாறி வந்தன. கொன்ற பாவம் தன்னுடையது என்று நம்பிக்கொண்டே செத்தாளே! பழத்தைத் தின்னும்போதாவது சொன்னானா?

சோங்ரென் கோப்பையோடு வந்தபோது உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மேல்தட்டுத் தொட்டிக்கு முன்னால் மாமியாரின் படம். அதன் முன்னே கிண்ணம் நிறைய அரிசி. அதில் மூன்று ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன.

"ஏய், என்ன பண்ற? புகை! காத்து பம்பு அத்தனையையும் தண்ணிக்குள்ள இழுத்துடும்!"

"இழுக்கட்டும்."

"ஹால்ல வெக்கக் கூடாதா?"

"ஹால்ல அம்மாவுக்கு வேர்க்கும்."

அவன் பாய்ந்து வந்து ஊதுபத்தியை நோக்கிக் கையை நீட்டினான். கை அந்தரத்திலேயே நின்றது. இறந்தவருக்கு ஏற்றியதைப் பாதியில் பிடுங்கினால் அவர் ஆவி சும்மா விடாது என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

"பிடுங்கிக்க" என்றாள் பியுன். "அதுக்கு முன்னாடி அம்மா மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த சொல்லு. 'நீங்க கொல்லல, நான்தான்'னு. சொல்லிட்டு நீயே பிடுங்கிப் போடு."

சோங்ரென் படத்தைப் பார்த்தான். தொட்டிகளைப் பார்த்தான். கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். வாய் மட்டும் திறக்கவில்லை.

மூன்றும் எரிந்து சாம்பலாகும் வரை பியுன் காத்திருந்தாள். பிறகு ஊதுபத்திக் கட்டிலிருந்து இன்னும் மூன்றை உருவிப் பற்றவைத்தாள்.