எப்போதும் சந்தோஷமாக இருக்கிறவள்

அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு மஞ்சள் ஏப்ரன். மூன்று மாதம் ஒழுங்காக வேலை பார்த்தால் நிரந்தரம். அப்போது நீல ஏப்ரனும், சாவியோடு ஓர் அலமாரியும் கிடைக்கும். படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு இது பதினோராவது மாதம். இன்னும் மஞ்சள்தான். அவளோடு சேர்ந்தவர்கள் எப்போதோ நீலத்துக்குப் போய், அதில் ஒருத்தி அலமாரிச் சாவியை இரண்டு முறை தொலைத்தும் விட்டாள்.

வேலையில் ஒருவரும் அவளைக் குறை சொன்னதில்லை. கடுகளவு கறை கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளுக்கு டவுன் சிண்ட்ரோம், அவ்வளவுதான். ஆனால் அதைப் பற்றி அங்கே ஆளுக்கொரு ஞானம்.

"உங்கம்மாவுக்கு வயசான பிறகு பொறந்தியா?" என்றாள் இஸ்திரி போடும் அக்கா.

"அப்போ அம்மாவுக்கு இருபத்து மூணு."

"சின்ன வயசுல பெத்தாலுமா?"

"நெறைய பேர் அந்த வயசுலதானே பெத்துக்கறாங்க? அதுல எங்களை மாதிரியும் பொறக்கறோம்."

"ரொம்ப நாள் இருக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே..."

"அறுபதும் தாண்டலாம்னு டாக்டர் சொன்னார். நீங்க உங்க பிரஷரைப் பாருங்கக்கா."

உடம்பில் ஏதோ குறைவாமே என்று லாரி டிரைவர் கேட்டதற்கு, "உங்களுக்கு நாப்பத்தாறு குரோமோசோம். எனக்கு நாப்பத்தேழு. கூடத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பினாள்.

இவர்களையெல்லாம் சமாளித்துவிடலாம். மேனேஜரைத்தான் சமாளிக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் ரொம்ப நல்லவர். அவளுடைய ஃபைல் மேசைக்கு வரும்போதெல்லாம், "இவங்களுக்கு மஞ்சளா நீலமான்னு என்ன கவலை? எப்பவும் சந்தோஷமா இருக்கற ஜீவன்" என்று சொல்லி அடியில் தள்ளிவிடுவார். இரண்டு முறை நேரில் போய்க் கேட்டாள். இரண்டு முறையும் சாக்லேட் கொடுத்தார். முப்பத்தொரு வயதுப் பெண்ணுக்குச் சாக்லேட்! வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்து குத்தென்று குத்தினாள்.

இந்த நிலையில்தான் ஹோட்டலின் ஆண்டு மலருக்குப் படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். மேனேஜரும் அவளும் சேர்ந்து விரிப்பு மடிப்பது போல ஒரு படம் வேண்டுமாம். மேனேஜர் வெள்ளைச் சட்டையும் டையுமாக வந்து நின்றார்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். கைக்கொரு முனையாகப் பிடித்து விறைப்பாக இழுத்து நின்றுகொண்டு, பிறகு ஒருவர் முன்னால் நடந்து தன் முனைகளை மற்றவர் கையில் சேர்க்க வேண்டும். தரையில் விழுந்தால் விட்டவரே அதைக் கையால் துவைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தைச் சுவரில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டவர் இதே மேனேஜர். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விரிப்பை விறைப்பாக இழுத்து எதிரெதிரே நின்றார்கள்.

"பாப்பா, சிரிங்க பாக்கலாம்!" என்று காது கேட்காதவளிடம் கத்துவது போலக் கத்தினார் புகைப்படக்காரர்.

அவள் சிரிக்கவில்லை.

"எப்பவும் சிரிச்ச முகம்தான் சார். இன்னிக்கு என்னமோ..." என்று மேனேஜர் வழிந்தார். "முன்னாடி வாம்மா."

"வர மாட்டேன் சார்."

"ஏம்மா?"

"எனக்குக் கோபம். எட்டு மாசமா கோபம். மூணு மாசத்துல நிரந்தரம்னு சொன்னீங்க. நான் எதுல தப்புப் பண்ணேன்?"

இஸ்திரி போடும் அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் விரிப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுவரில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நாளைக்குப் பேசலாம்மா."

"நாளைக்கு சாக்லேட் குடுப்பீங்க. இப்பவே கையெழுத்துப் போடுங்க."

இஸ்திரி அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். மேனேஜருக்குக் காது சிவந்தது. விரிப்பை விட்டுவிட்டுப் போக அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் ஆள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அந்த வகையில் உண்மையிலேயே நல்லவர்தான். கிளார்க்கைக் கூப்பிட்டார். அடியில் கிடந்த ஃபைலிலிருந்து படிவம் வந்தது. ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கிளார்க்கின் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். புகைப்படக்காரர் அதை விடுவாரா, கிளிக் கிளிக் என்று எடுத்துத் தள்ளினார்.

அவள் இரண்டு கையிலும் முனைகள் இருந்ததால் கிளார்க் படிவத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படிக்கத் தெரியும் என்பதே மேனேஜருக்கு இப்போதுதான் தெரியும்.

அவர் வாயிலிருந்த துணியை எடுத்தார். "இப்போ சந்தோஷம்தானேம்மா?"

"இல்ல சார். இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. எட்டு மாசம் முன்னாடியே நான் நிரந்தரம் ஆகியிருக்கணும். அந்தத் தேதியைப் போடுங்க."

அவர் மறுபடியும் துணியைக் கடித்தார். தேதியை அடித்து, பழைய தேதியை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு துணியை எடுத்துவிட்டு, மெதுவாக, "இப்போ?" என்று கேட்டார்.

சுவரைப் பார்த்தோ புகைப்படக்காரரைப் பார்த்தோ கேட்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டு முனைகளையும் பிடித்தபடி, அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று காத்துக்கொண்டு நின்றார்.