ஆறாம் அறைக்கு எழுதுபவர்

எங்கள் தொழிலில் மானிட்டர் என்றால் திரை இல்லை, ஆள். இணையத்தில் காசு கட்டிப் பார்க்கிற ஆண்களுக்காகக் கேமரா முன்னால் ஒரு பெண் உட்கார்ந்து சிரிப்பாள், கீபோர்டில் விரலை ஓட்டுவாள். அந்தக் கீபோர்டின் வயர் எதிலும் மாட்டியிருக்காது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் பெயரில் நிஜமாகவே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்தான் மானிட்டர். அமெரிக்காவில் ஒருவன் "கண்ணே, என்னை நினைச்சியா" என்று கேட்டால், "ராத்திரி பூரா உன் நினைப்புதான்" என்று பதில் போடுவது தாடி வைத்த எதில்சனாக இருக்கும். அதில் அவனுக்கு வெட்கம் கிடையாது. வேலை என்றால் வேலை.

ஸ்டூடியோ எங்கள் ஊர் தோஸ்கெப்ராதாஸில், டயர் கடைக்கு மேல் மாடியில். மானிட்டர்களில் நான் ஒருத்திதான் பெண். வருடக்கணக்காகக் கேமரா முன்னால் உட்கார்ந்து, இடுப்பு போன பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் வந்தவள். "ஆம்பளைக்கு என்ன வேணும்னு ஆம்பளைக்குத்தான் தெரியும் தோன்யா மார்லெனி" என்று எதில்சன் எனக்குப் பாடம் எடுப்பான். மார்லெனி என் பெயர், தோன்யா என்பது எங்கள் ஊரில் 'அம்மா' மாதிரி மரியாதைக்குச் சொல்வது. அந்த ஆம்பளைகளைத் திரையில் முகத்துக்கு முகம் பார்த்தவள் நான். ஆனால் மாடல் பெண்களும் அவனைத்தான் கேட்டு வாங்கினார்கள். "அவன் எழுதுனா ராசி" என்றார்கள். எனக்கு வந்ததெல்லாம் யாரும் எட்டிப் பார்க்காத அறைகள்.

தலைமை மானிட்டர் வேலையை விட்டு மெதெயின் நகரத்துக்குக் கிளம்பினான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? தலைமைக்கு டைப் அடிக்கிற வேலை இல்லை. எந்த அறை யாருக்கு என்று முடிவு செய்வது அவர் கையில். என் மணிக்கட்டு இரண்டும் போய்க்கொண்டிருந்தன. அது கிடைக்காவிட்டால் இந்த வயதில் நான் போக வேறு இடமும் இல்லை.

முதலாளி தோன்யா அம்பாரோவிடம் போய் நேராகவே கேட்டேன். நகப்பூச்சை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஆறாம் ரூம் செத்துக் கிடக்கு. அதைத் தூக்கி நிறுத்திக் காட்டு, பாக்கலாம்."

ஆறாம் அறையில் இருந்தது துவான். ஸ்டூடியோவில் ஒரே ஆண் மாடல். பைக் மெக்கானிக்காக இருந்தவன், கதவை அடைக்கிற மாதிரி தோள். ஆண் மாடலைப் பார்க்க வருகிறவர்களும் ஆண்கள்தான், அது உலகத்துக்கே தெரியும். கூத்து என்னவென்றால், பெண் பெயரில் நாள் முழுக்க ஆண்களைக் கொஞ்சுகிற எங்கள் மானிட்டர்கள், துவான் பெயரில் ஒரு வரி எழுத மாட்டேன் என்றார்கள்.

"அதெப்படி தோன்யா, ஆம்பளையா இருந்துக்கிட்டு ஆம்பளைகிட்ட வழியறது?" என்றான் எதில்சன்.

"இப்ப மட்டும் யார்கிட்ட வழிஞ்சிட்டு வர்றே?"

"அது வேற. அங்க நான் பொம்பளை."

சமையலறையில் எல்லோரும் சிரித்தார்கள். துவானும் சிரித்தான், பாவம். அவன் உட்கார்ந்தால் மற்ற ஆண்கள் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்து விளையாட்டுக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள். எழுதித்தர ஆள் இல்லாததால் அவன் கீபோர்டுக்கு மட்டும் உயிர் இருந்தது. போனில் மொழிபெயர்த்து "ஹாய்", "தேங்க்ஸ்", "யெஸ்" என்று அவனே தட்டிக்கொண்டிருந்தான். வந்தவர்கள் கொட்டாவி விட்டுப் போய்விடுவார்கள்.

நான் போய் உட்கார்ந்தேன். "நீ சும்மா விரலை ஓட்டு, திரையில வர்றதைப் படிச்சிட்டுச் சிரி. மிச்சம் என் பாடு" என்றேன்.

ஹார்லன் என்று ஒருவர் வந்தார். ஒஹாயோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். மற்றவர்கள் கேட்கிறதை அவரும் கேட்டார், நானும் பதில் போட்டேன். பிறகு முழங்கால் வலி என்று எழுதினார். "ஐஸ் வச்சீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று எழுதினேன்.

போனில் மொழிபெயர்த்துப் படித்த துவான் பதறிப்போய் மைக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினான். "ஆம்பளை இப்படியா கேப்பான்?"

"அவருக்கு ஆம்பளைங்க நிறைய கிடைப்பாங்கடா. சாப்டியான்னு கேக்க யாரு இருக்கா?"

ஹார்லன் தினமும் வர ஆரம்பித்தார். ஆடையைப் பற்றிய பேச்சு குறைந்தது, அவருடைய நாயைப் பற்றிய பேச்சு கூடியது. அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்து தங்கினார்கள். இணையதளத்தின் வரிசையில் ஆறாம் அறை மேலே மேலே ஏறியது. உள்ளதைச் சொன்னால் எனக்கே அந்தக் கிழவரைப் பிடித்துப்போனது.

அதோடு சமையலறையும் மாறியது. "பார்சே, என்னடா மந்திரம் போட்ட?" என்று கூட்டாளியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுத் துவான் முதுகில் தட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை அவன் முட்டியில் சிராய்ப்போடு வந்தான். பந்து விளையாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி அந்தச் சிராய்ப்பை என்னிடம் காட்டினான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முடிவு சொல்லுகிற அன்று தோன்யா அம்பாரோ எல்லோரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார். பெண்கள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், மானிட்டர்கள் சுவரோரம் நின்றார்கள். ஆறாம் அறையை நான் எழுதித்தான் தூக்கி நிறுத்தினேன் என்று சொன்னேன்.

"அது துவானோட தோள் பண்ண வேலை" என்றான் எதில்சன். கட்டில் முழுக்கச் சிரிப்பு. அவன் விடவில்லை. "ஏண்டா துவான், நெஜமாவே இவங்கதான் உனக்கு எழுதறாங்களா? அந்த ஒஹாயோக்காரன் மயங்கிக் கிடக்கறது ஒரு பொம்பளை பேச்சுக்கா?"

துவான் தரையைப் பார்த்தான். ஆண்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நானேதான் எழுதறேன்" என்றான். "அவங்க லைட் பாத்துப்பாங்க."

"பொய் சொல்றான்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. "இவன் கீபோர்டு வேலை செய்யுதுல்ல தோன்யா, எழுதியிருப்பான்" என்றாள் கட்டிலில் இருந்த ஒருத்தி. "வயித்தெரிச்சல்" என்றாள் இன்னொருத்தி. சொன்னது ஆண்கள் இல்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாற்காலி எதில்சனுக்குப் போனது. தோன்யா அம்பாரோ பிறகு என் தோளில் கை வைத்தார். "பொண்ணுங்க பொம்பளை சொன்னா கேக்க மாட்டாளுங்க மகளே. நானும் பொம்பளைதானே, எனக்குத் தெரியாதா?"

மாடிப்படியில் துவான் காத்திருந்தான், கையில் சூடான பாந்தெபோனோ ரொட்டிப் பொட்டலம்.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? எனக்கு ஒரு பொம்பளைதான் பேச்சு சொல்லித் தர்றான்னு தெரிஞ்சா, மறுபடி கோப்பையைத் தூக்கிட்டு எழுந்து போயிடுவானுங்க."

"அவனுங்க பொம்பளை பேர்ல எழுதுனா கெட்டிக்காரத்தனம். உனக்கு ஒரு பொம்பளை எழுதுனா அசிங்கம். அப்படித்தானே?"

"திட்டுங்க தோன்யா. ஆனா விட்டுட்டுப் போயிடாதீங்க."

செருப்பைக் கழற்றி அடிக்கலாம் போல இருந்தது. ரொட்டியை வாங்கவில்லை. விட்டுப்போவதும் போகாததும் என் கையில் இருக்கவும் இல்லை. தலைமை மானிட்டர் எதில்சனின் முதல் உத்தரவே அதுதான்: "துவான்தான் சொந்தமா எழுதறானே, அங்க ஆள் எதுக்கு தண்டமா? நீங்க ரெண்டாம் ரூமுக்குப் போங்க."

ஆறாம் அறை திரும்பவும் "ஹாய்", "தேங்க்ஸ்", "யெஸ்" என்றது. வரிசையில் சரசரவென்று இறங்கியது. இரண்டாம் அறையிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வேண்டும் என்று சந்தோஷப்பட்டேன். மனதார. அப்புறம் ஹார்லனுக்கு முழங்கால் ஆபரேஷன் அந்த வாரம்தான் என்பது ஞாபகம் வந்து, சந்தோஷம் போய்விட்டது. எப்படி இருக்கீங்க என்று கேட்க அவருக்கு அங்கே யாரும் இல்லை.

ஒரு பிற்பகல் எதில்சன் என் மேசைக்கு வந்தான். இரண்டு கோப்பை கருப்புக் காபி அவனே கொண்டு வந்தான். கதவைச் சாத்தினான்.

"தோன்யா, ஒரு விஷயம். வெளிய போகக் கூடாது."

"சொல்லு, தலைமை."

"அம்பாரோ என்னைப் பிச்சு எடுக்கறாங்க, ஆறாம் ரூம் ஏன் விழுந்துச்சுன்னு. அதனால ரெண்டு நாளா..." தாடியைச் சொறிந்தான். "நானே துவான் பேர்ல எழுதறேன்."

"ஆம்பளையா இருந்துக்கிட்டா?"

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டிட்டேன். இதைப் பாருங்க."

போனை நீட்டினான். திரையைப் படம் எடுத்து வைத்திருந்தான். ஹார்லன் எழுதியிருந்தது: "நீ இப்போது எல்லா ஆண்களையும் போலப் பேசுகிறாய். என் துவான் எங்கே?"

"துவான் கண்ணு முன்னால உக்காந்து சிரிச்சிட்டிருக்கான். அந்தாளு என்னடான்னா அவன் எங்கன்னு கேக்கறாரு" என்றான் எதில்சன். கோபம் இல்லை அவன் குரலில், நிஜமாகவே புரியாமல் கேட்டான். "அவருக்கு அப்படி என்னதான் எழுதுவீங்க?"

படத்தை இன்னொரு முறை படித்தேன். ஒரு வாய் காபி குடித்தேன்.

"துவான் தானேதான் எழுதறதா சொன்னானே" என்றேன். "அவனைக் கேளு."

"தோன்யா..."

"இங்க என்கிட்ட வந்து கதவைச் சாத்திட்டுக் கேக்காதே. எல்லாரையும் வச்சுக்கிட்டு அவனைக் கேளு."