வலிக்கல டாக்டர்

தையல் மெஷினின் ஊசி என் இடது ஆள்காட்டி விரலைத் துளைத்து, நகத்தோடு சேர்த்து வெள்ளைச் சட்டையின் காலரில் ஒரு தையல் போட்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. எதிரில் பட்டன் வைத்துக்கொண்டிருந்த மனைவிதான் கத்தினாள்.

"என்னங்க! விரலையும் சேர்த்துத் தைக்கிறீங்க!"

"ஐயையோ, கஸ்டமர் சட்டை கறையாயிடுச்சே" என்றேன். தொழில் பக்தி என்று நினைத்தேன். அவள் பார்த்த பார்வையில் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று புரிந்தது.

கிளினிக்கில் இருந்தவர் என் மகள் வயது டாக்டரம்மா. ஊசிமுனை உள்ளேயே முறிந்து கிடந்தது. விரலை அழுத்தினார்.

"வலிக்குதாங்க?"

"வலிக்கல டாக்டர்."

"இங்க?"

"சுத்தமா இல்ல."

அவர் முகம் மாறியது. "நரம்பு அறுந்திருக்கும்போல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். விரலைத் திறந்து பார்க்கணும். பழைய மாதிரி வருமான்னு சொல்ல முடியாது."

பருத்தியா கலப்பா என்று தொட்டே சொல்லிவிடும் விரல் அது. அது போனால் நான் கழுத்தில் டேப் போட்ட வெறும் ஆள்.

நரம்பு அறுந்திருக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வலி வந்தாலோ, வலிக்குதா என்று யாராவது கேட்டாலோ போதும், நான் உடம்பைவிட்டுக் கிளம்பிவிடுவேன். அப்போதும் டியூப்லைட் பக்கத்தில் நின்றுகொண்டு, கீழே யாரோ ஒருவருடைய விரலைப் பிசைவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். வழுக்கை இவ்வளவு தூரம் பரவியிருப்பதே அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஏழு வயதில் வந்த பழக்கம். அப்பா பெல்ட்டால் விளாசிவிட்டு, நிறுத்திக் கேட்பார்: "வலிக்குதாடா?" வலிக்குது என்றால், "இதுக்கேவா?" என்று இன்னும் இரண்டு விழும். வலிக்கல என்றால் போய்விடுவார். பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் உண்மையாகவே வலிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் எதிலும் தேறாதவன், இதில் மட்டும் முதல் மார்க்.

ஐம்பது வயதில், மனைவி எதிரில் இதை எப்படிச் சொல்வது? துணியில்லாமல் நிற்பதுபோல் கூசியது. டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"டாக்டர்... வலிக்குது."

மூக்கு ஒழுகும் சின்னப் பையனின் குரல் வந்தது. சொன்ன கையோடு, அடுத்த அடிக்காகத் தோள் தானாகக் குறுகிக்கொண்டது. விரல் பற்றி எரிந்தது.

"அப்பாடா! அப்ப நரம்பு நல்லாருக்கு. மரத்துப்போக ஊசி போட்டுட்டு எடுத்துடலாம்."

வலிக்கிறது என்று சொன்னால் மருந்து தருவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அழுதுவிட்டேன். வரிசையில் இருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள்.

விரல் மரத்துப்போகும்வரை உட்காரச் சொன்னார்கள். பெல்ட் கதையை மனைவியிடம் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தேன், தரையைப் பார்த்தபடி. அவள் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"இத்தனை வருஷத்துல வேற என்னென்ன வலிச்சுது?"

"திடீர்னு லிஸ்ட் கேட்டா எப்படிம்மா?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

அடுத்தவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்தவனைப்போல, வெட்கத்தோடு என் உடம்புக்குள் தேடிப்போனேன். தலையிலிருந்து தொடங்கிப் பாதம் வந்து சேர நேரமாயிற்று.

"இந்தச் செருப்பு... கொஞ்சம் கடிக்குது."

"நான் வாங்கிக் குடுத்ததா? ரெண்டு வருஷமாவா?"

தலை குனிந்துகொண்டேன்.

"மூணு."