யாரும் காலி செய்ய வேண்டாம்

வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் டைப் அடிப்பவளுக்கு வாய் கிடையாது என்பது மேலாளரின் நம்பிக்கை. இருபத்திரண்டு வருடமாக அக்கா அந்த நம்பிக்கையைக் காப்பாற்றி வந்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிட நாலு வயது மூத்த மேலாளருக்கும்கூட.

நாற்பது வீடுள்ள கட்டடம் ஒன்று கைமாறியது. குடியிருப்பவர்களுக்குத் தெரிவிக்க வக்கீல் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். 'மேற்படி அசையாச் சொத்தின் உரிமை மாற்றம் குறித்து' என்று தொடங்கி, ஊரைச் சுற்றி, இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் பழைய ஒப்பந்தம் அப்படியே தொடரும் என்றது. அக்கா டைப் அடிக்காமல் அதை முதலிலிருந்து மறுபடி படித்தாள். அவளுடைய பத்து வயதில் இப்படி ஒரு கடிதம் அவர்கள் வாடகை வீட்டுக்கு வந்தது. அப்பா முதல் பத்தியைப் படித்தார். அந்த வாரமே மூட்டை முடிச்சைக் கட்டினார். போய்ச் சேர்ந்தது ஒழுகும் ஒற்றை அறை. பல வருடம் கழித்துப் பெட்டிக்கடியில் அந்தக் காகிதம் அகப்பட்டபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. அவர்கள் போயிருக்கவே வேண்டியதில்லை.

அக்கா வக்கீலின் கடிதத்தைத் தலைகீழாக்கினாள். முதல் வரி, 'யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.' அடுத்தது, 'உங்கள் வீட்டுக்காரர் மட்டும் மாறியிருக்கிறார்.' பிறகு புதியவரின் பெயர், முகவரி, வாடகையும் முன்பணமும் பழையபடியே என்ற உறுதி. ஒரே பக்கத்தில் முடிந்தது.

மேலாளர் முகத்தைச் சுளித்தார். ஆபீஸ் கடிதம் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா என்று கேட்டார்.

"படிக்கறவங்க பயப்படாம படிக்கணும் சார். அதுதான் மரியாதை," என்றாள் அக்கா.

அவளுக்கு வாய் இருப்பது தெரிந்ததில் மனிதர் ஆடிப்போனார். உடனே வக்கீலுக்குப் போன் போட்டார். எதுவும் விட்டுப்போகவில்லை, தாராளமாக அனுப்பலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

கடிதங்கள் போய்ச் சேர்ந்த அன்று ஒரே ஒரு போன் வந்தது. இரண்டாம் மாடி அம்மாள்.

"என் வீட்டுக்காரர் ஒண்ணும் மாறலியே, இங்கதான் சோபாவுல குறட்டை விட்டுக்கிட்டிருக்கார். மாத்திக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க."

மேலாளர் இதுதான் சாக்கென்று நாள் முழுக்கக் கிண்டலடித்தார். அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். நாற்பது வீட்டில் ஒருவர்கூடக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்கவில்லை. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருடத்தில் தான் அடித்த ஆயிரக்கணக்கான கடிதங்களில் இது ஒன்றுதான் தன்னுடையது என்று தோன்றியது.

அன்று மாலை ஒரு நகலை எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் வரியை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு காகிதத்தை மடித்துவிட்டாள்.

"மிச்சத்தையும் படிம்மா," என்றாள் அக்கா.

"உங்கப்பாவும் இவ்வளவுதானே படிச்சார்," என்றாள் அம்மா. "இது போதும்டி."