புகைக்கு ஒரு புருஷன்

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். நைல் கரையில் இருக்கிற ஓம்துர்மானில் எங்கள் தெருவில் புருஷன் இல்லாமலும் புகையாது.

புருஷனுக்காகப் பெண்கள் உட்காரும் புகைக் குளியல் அது. முற்றத்துக் குழியில் தல்ஹா என்கிற வேலமரக் கட்டையைக் கங்காக்கி, நடுவில் ஓட்டை விட்ட பாயை மேலே போட்டு, உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு, கம்பளியைக் கழுத்துவரை போர்த்தி உட்கார வேண்டும். வேர்வை ஆறாக ஓடும். எழுந்து தேய்த்துவிட்டால் தோல் மஞ்சளேறி வழுவழுவென்று இருக்கும். வாசனை நாலு வீடு தாண்டிப் போகும், அதில்தான் வினையே. வெளியூரில் இருக்கிறவன் பெண்டாட்டி புகையில் உட்காரமாட்டாள். தலாக் வாங்கியவளும் விதவையும் உட்காரமாட்டார்கள். புகை வந்தால் அந்த வீட்டில் அன்றைக்குப் புருஷன் இருக்கிறான் என்று அர்த்தம்.

என் பக்கத்து வீட்டு பத்தூலின் முற்றத்தில் வெகுநாளாகப் புகையில்லை. அவள் புருஷன் பக்ரி, லாரி உதிரி பாகம் விற்கிறவன், இஷ்ராகாவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு பின்தெருவுக்குக் குடிபோய்விட்டான். மார்க்கப்படி இரண்டு பேருக்கும் சரிபாதி ராத்திரி. கடையில் கணக்குப் பிசகாதவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் வரவில்லை. அவன் போனதைக்கூட பத்தூல் தாங்கிக்கொண்டாள். தெருப் பெண்களின் இரக்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கல்யாண வீடுகளில் அவளை ஓரமாக உட்கார வைத்து, "பாவம், நல்லா சாப்பிடு" என்பார்கள். கேட்கிறபோது எனக்கு அவர்களை அறையலாம் போல இருக்கும். நானும் அப்படிச் சொன்னவள்தான், அது வேறு விஷயம்.

மழைக்காலத்தில் பத்தூலுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. மாத்திரைக்குக் கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், சுவருக்கு மேலே புகை வந்தது. எட்டிப் பார்த்தால் கம்பளிக்கு மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது.

"என்ன பத்தூல், வர்றாரா?"

"யாரு?"

"யாரா? உன் புருஷன்தான்."

"முட்டி வலிக்குதுக்கா. சூடு பட்டா தேவலைன்னு உக்காந்திருக்கேன்."

"நம்பிட்டேன்."

"நம்பாட்டி போங்க. முட்டிய எடுத்துக் காட்டவா முடியும்."

மறுநாள் நான் ரொட்டிக் கடைக்குப் போவதற்கு முன்பே செய்தி அங்கே போய் வரிசையில் நின்றிருந்தது. பக்ரி திரும்பி வந்துவிட்டானாம். பத்தூல் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் முட்டி, முட்டி என்று உண்மையைத்தான் சொன்னாள். "ஆமாமா, முட்டிதான்" என்று அவர்கள் இடுப்பில் இடித்துச் சிரித்தார்கள். அடுத்த கல்யாணத்தில் அவளைக் கூப்பிட்டு மணப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். பாவம் என்ற பேச்சே இல்லை. அதன் பிறகு அவள் முட்டியைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். வலி போய்விட்டது, புகை நிற்கவில்லை. முகத்தில் பழைய களை வந்ததைப் பார்த்து எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

வாசனை பின்தெருவுக்குப் போகாமல் இருக்குமா? இஷ்ராகா பக்ரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போறியா இல்லையா, அதைச் சொல்லு" என்று அவள் கத்தியது நைல் நதிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று பக்ரிக்கு. போகவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் அந்தப் புகை யாருக்கு என்பது. வாசலில் பாதித் தெரு காது கொடுத்து நின்றது. பக்ரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டான்.

"ஆமா, போறேன். அவளும் பொண்டாட்டிதானே?" என்றான். போகாத இடத்துக்குப் போனதாகச் சத்தியம் செய்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவனுடைய ஜிப்பாக்கள் ஒவ்வொன்றாகத் தெருவில் வந்து விழுந்தன.

அன்று சாயங்காலமே மூட்டையோடு வந்து பத்தூலின் கதவைத் தட்டினான். நான் சுவரோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைப் பாதி திறந்தாள்.

"யாருக்குப் புகை போடுற?" என்றான்.

"முட்டிக்கு."

"பொய் சொல்லாத. யாரு வர்றான்?"

"ஊரைக் கேளுங்க. நீங்கதான் வர்றீங்களாம்."

அவன் மூட்டையைக் கீழே வைத்தான். "உனக்காக, செய்யாததை எல்லாம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டு வந்திருக்கேன்."

"எனக்காகவா? உங்க தலைப்பாகைக்காக."

"சரி, இருக்கட்டும். கதவை நல்லாத் திற. தெருவே பாக்குது. எல்லாரும் நான் இங்கதான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"இருக்கீங்கதான். ஒரு குறையும் இல்லாம இருக்கீங்க. குழம்புல உப்பு இல்லேன்னு கத்துறதில்ல. வருவாரா மாட்டாரான்னு நான் முழிச்சுக் கிடக்க வேண்டியதும் இல்ல. அந்த மனுஷனோட எனக்கு ஒத்துப்போச்சு. நீங்க கெளம்புங்க."

குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. ஆனால் கதவைச் சாத்தியது சாத்தியதுதான், தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டது.

பக்ரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கண்டுபிடித்தான். "அக்கா, நீங்களாவது அவகிட்ட எடுத்துச் சொல்லுங்க."

"நான் என்னத்த தம்பி சொல்றது," என்றேன். "புருஷன் உள்ள இருக்கிற வீட்டு வாசல்ல இந்த நேரத்துல வேத்து ஆம்பள வந்து நின்னா, பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"