நாமினி: கணவர்

பேனாவை அம்மாவின் விரல்களுக்கிடையே மகள் மறுபடி செருகினாள். அது மறுபடி நழுவிப் போர்வையில் விழுந்தது.

"பிடிச்சுக்கோம்மா. ஒரு கையெழுத்துதான்."

"முடியாமயா விடறேன்?" என்றாள் அம்மா.

தையல் கம்பெனியில் சேர்ந்த புதிதில் அம்மா எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசி. நாமினி, கணவர். அவர் வீட்டை விட்டுப் போனபோது தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது கல்லூரியில் இடம் கிடைத்து, ஃபீஸ் கட்ட வழியில்லாமல் காத்திருக்கிறான். நாமினியை மாற்றும் படிவத்தில் அவன் பெயரை மகளே எழுதிவிட்டாள். ஏஜெண்ட் வார்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார்.

"உனக்கென்ன கிறுக்கா அக்கா?" என்றாள் கட்டிலின் காலடியில் இருந்த சித்தி. "இடுப்பு ஒடியத் தைச்சது நீ. தூக்கிக் குடுக்கறது அந்த ஆளுக்கா?"

"உன் வீட்டுக்காரருக்கா குடுக்கறேன்? சும்மா இரு."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பணம்னா வருவார்ல."

"யாரு?"

"கூப்பிட்டுப் பார்த்தாச்சு. ஆள் விட்டுப் பார்த்தாச்சு. இதுக்காவது வந்து வாசல்ல நிப்பார். அப்ப பிடிச்சு வெச்சுக்கங்க. உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

"எங்களுக்கு எதுக்கும்மா அவர்?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மகள் பேனாவின் மூடியைத் தேடினாள். கட்டிலுக்கடியிலும் இல்லை.

சாயங்காலம் மூச்சு நின்றது. ஏஜெண்ட் படிவத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "இனிமே அவர் வந்து கையெழுத்துப் போட்டாத்தாம்மா பணம். தகவல் சொல்லிடுங்க."

அம்மாவின் போனில் அப்பாவின் எண் இன்னும் இருந்தது. மகள் மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள்.

"அம்மா தவறிட்டாங்க. காலைல எடுக்கறோம்."

பாலிசியைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. வைத்துவிட்டாள். பணம் இருப்பது தெரியாவிட்டால் வரமாட்டார், அவர் வருவார் என்று அம்மா நினைத்தது பொய்யாகட்டும் என்றிருந்தது. வராவிட்டால் தம்பிக்கு ஒரு பைசா கிடையாது என்றும் இருந்தது.

விடிந்ததும் வீட்டுக்கு வாடகை நாற்காலிகள் வந்தன. அவளே எடுத்துப் போட்டாள். போட்டதை நகர்த்தினாள். வாசலுக்குப் போனாள், உள்ளே வந்தாள், மறுபடி போனாள்.

"கால்ல சக்கரமாடி கட்டியிருக்கு?" என்றாள் சித்தி.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் நகர்வதற்குள் தம்பி அவரிடம் போய்விட்டான்.

"உள்ள வாங்க சார். அம்மாகூட வேலை பார்த்தவரா?"

அவர் அவனையே பார்த்தார். பிறகு தலையாட்டினார். தம்பி அடுத்தவரைக் கவனிக்கப் போனான்.

"பணம்னதும் மோப்பம் பிடிச்சு வந்தாச்சு பாரு," என்று சித்தி அவள் காதருகே முணுமுணுத்தாள்.

"பணம் இருக்கறதே அவருக்குத் தெரியாது சித்தி."

"நீ சொல்லலையா?"

"சொல்லலை."

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் உள்ளே போய் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். யார் பக்கமும் போகாமல் கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

மகள் வரிசைகளைக் கடந்து அங்கே போனாள். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.